உயரத் தடுப்புக்கு எத்தனை டன்? – பொறியாளர் பதில்கள்

வாகனங்களின் உயரத்தைக் கட்டுப்படுத்தப் பாதையின் குறுக்கே வைக்கப்படும் கம்பிகளைப் பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்கள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. கணக்குகளில் 10 கிலோநியூட்டன் விசையை ஏறக்குறைய ஒரு டன் எடைக்குச் சமமாகக் கொள்ளலாம்.

கேள்வி: ஐயா, கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். எங்களுடைய இரண்டு கட்டடங்களை இணைக்கும் மூடிய நடைபாலம் ஒன்று உள்பாதைக்கு மேலே 3.9 மீட்டர் உயரத்தில் செல்கிறது. சென்ற மழைக்காலத்தில் பெட்டி லாரி ஒன்று அதில் இடித்து, ஒரு பக்கத்துத் தகடுகள் பிய்ந்து போயின. நல்ல வேளையாக அப்போது பாலத்தில் ஆள் இல்லை. பாலத்துக்குச் சற்று முன்னால் 3.6 மீட்டர் உயரத்தில் தடுப்புக் கம்பி வைக்க எண்ணியிருக்கிறோம். பட்டறைக்காரர் 2 டன் இடி தாங்கினால் போதும் என்கிறார். பொறியியல் படிக்கும் என் மகன் விதிநூலைப் பார்த்துவிட்டு 100 டன் என்கிறான். எதை நம்புவது? பிரதான சாலையிலிருந்து பாலம் வரை உள்பாதை 60 மீட்டர் நீளம்; பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்குகிறது.

பதில்: உங்கள் மகன் பார்த்த எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 6 என்னும் விதிநூல், மேம்பாலத் தூண்களின் மீது வாகனம் மோதினால் சாலையின் போக்கில் 100 டன், அதற்குக் குறுக்கே 50 டன் என்று கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அந்த விசை செயல்படும் இடம் தரையிலிருந்து 0.75 மீட்டருக்கும் 1.5 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரம். அதாவது லாரியின் அடிச்சட்டமும் என்ஜினும் இருக்கும் உயரம். நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் வரும் லாரி தன் எலும்புக்கூட்டைக் கொண்டு தூணில் மோதும் நிலைக்கு எழுதப்பட்ட எண் அது. உங்கள் கம்பியில் மோதப் போவது லாரியின் தலை. பெட்டியின் மேல் விளிம்பும் தார்ப்பாய்ச் சட்டமும் அடிச்சட்டத்தைப் போல வலுவானவை அல்ல. அவை நசுங்கும், நசுங்கும்போது விசையைத் தாமே மட்டுப்படுத்திவிடும்.

இந்த வேறுபாட்டை ஐரோப்பிய விதிநூல் வெளிப்படையாகவே எண்களில் காட்டுகிறது. யூரோகோடு 1-இன் பகுதி 1-7, தூணில் மோதும் விசையாக நெடுஞ்சாலைக்கு 1,000 கிலோநியூட்டனும், ஊர்ப்புறச் சாலைக்கு 750-உம், நகரச் சாலைக்கு 500-உம், லாரிகள் நுழையும் முற்றங்களுக்கு 150-உம் தருகிறது. தலைக்கு மேலே இருக்கும் பாலத்தின் அடிப்பகுதியில் மோதும் விசைக்கு அதே வரிசையில் 500, 375, 250, 75 என்று சரிபாதியாகக் குறைத்துவிடுகிறது. நாடு வேறு என்றாலும் லாரியின் உடம்பு ஒன்றுதான் என்பதால், நம் ஊரில் இதற்கென்று தனி எண் தேடுபவர்கள் இந்த அட்டவணையைத் துணைக்கு வைத்துக் கொள்வதில் தவறில்லை. ஆனால் அட்டவணையின் எந்த வரி உங்களுடையது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். 'முற்றம்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் 75 கிலோநியூட்டனை எடுத்துக் கொண்டு போய்விட முடியாதபடி உங்கள் கடிதத்தின் கடைசி வரி தடுக்கிறது.

அந்தச் சரிவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 60 மீட்டர் தூரத்தில் பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் இறக்கம் 5 மீட்டர். மேலே சாலை ஓரத்தில் நிறுத்திய 16 டன் லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் உருண்டு வந்தால், உராய்வைத் தள்ளிவைத்துப் பார்க்கையில், பாலத்தடிக்கு வரும்போது அதன் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். அதில் தேங்கியிருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 785 கிலோஜூல். அதே லாரி ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஊர்ந்து வந்தால் ஆற்றல் 62 கிலோஜூல் மட்டுமே. ஒரே பாதை, ஒரே லாரி. மலைச்சரிவு மட்டும் ஆற்றலைப் பன்னிரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருக்கிவிடுகிறது. சமவெளியில் எழுதப்பட்ட விதிநூல்கள் முற்றத்தைத் தட்டையாகவே நினைத்துக் கொள்கின்றன என்று எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு.

ஆற்றலை விசையாக மாற்றுவது லாரி நிற்க எடுத்துக் கொள்ளும் தூரம். ஆற்றலை அந்தத் தூரத்தால் வகுத்தால் சராசரி விசை கிடைக்கும். 62 கிலோஜூல் ஆற்றலை 75 கிலோநியூட்டன் விசை 82 சென்டிமீட்டர் தூரத்தில் தீர்த்துவிடும். பெட்டியின் மேல் விளிம்பு நசுங்குவதும் கம்பி வளைவதும் சேர்ந்து இந்தத் தூரத்தைத் தரக்கூடும். 785 கிலோஜூலை அதே 75 கிலோநியூட்டனால் நிறுத்த வேண்டுமானால் பத்தரை மீட்டர் தேவை. அதற்குள் உங்கள் நடைபாலம் வந்துவிடும். பட்டறைக்காரர் சொன்ன 2 டன் என்பது 20 கிலோநியூட்டன்; ஊர்ந்து வரும் லாரியைக்கூட அது மூன்று மீட்டருக்குக் குறையாமல் உள்ளே விட்டுத்தான் நிறுத்தும். எச்சரிக்கை மணி கட்டுவதற்கு அந்தச் சட்டம் போதும். பாலத்தைக் காப்பாற்றும் வேலைக்கு ஆகாது.

அப்படியானால் அட்டவணையின் நகரச் சாலை வரியை எடுத்து, பாலத்துக்கு முன்னால் 250 கிலோநியூட்டன் தாங்கும் சட்டத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்பீர்கள். 3.6 மீட்டர் உயரத்தில் 250 கிலோநியூட்டன் தள்ளினால் அடியில் 900 கிலோநியூட்டன்-மீட்டர் கவிழ்ப்புத் திருப்பம் (விசையை உயரத்தால் பெருக்கிய அளவு; சட்டத்தை அடியோடு சாய்க்கப் பார்ப்பது) உண்டாகும். மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் கொண்ட கான்கிரீட் கட்டி 32 டன் எடையிருக்கும். அது தன் எடையால் தாங்கக்கூடியது 490-ஐத் தாண்டாது. ஒரு பக்கம் மேட்டின் மண்ணும் மறுபக்கம் கல்கட்டும் இருக்கும் குறுகிய உள்பாதையில் இதைப் போல இரண்டு கட்டிகளுக்குக் குழி தோண்டினால், லாரி இடிப்பதற்கு முன்பே மழை அந்தச் சரிவை இடித்துவிடலாம். 2009 நவம்பர் மழையை மறக்காதவர்கள் நீலகிரியில் தேவையில்லாமல் மண்ணை வெட்ட மாட்டார்கள்.

என் யோசனை, கம்பியைப் பாலத்தடியில் வைக்காதீர்கள் என்பதுதான். மேலே, பிரதான சாலையிலிருந்து உங்கள் வாயிலுக்குள் திரும்பியவுடன், 12 மீட்டர் உள்ளே வையுங்கள். திருப்பத்தில் எந்த லாரியும் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் வர முடியாது. வாயில் கோட்டிலேயே மெல்லிய தொங்கு கம்பி ஒன்றைக் கட்டிவிட்டால், அது தட்டும் ஓசை கேட்ட ஓட்டுநர் இரண்டரை விநாடிக்குள் உணர்ந்து பிரேக்கை மிதிக்க, அந்தச் சரிவில் லாரி நிற்க எட்டேகால் மீட்டர் போதும். பிரேக்கே இல்லாமல் போனாலும் 12 மீட்டரில் இறக்கம் ஒரு மீட்டர்தான் என்பதால் வேகம் மணிக்கு 19 கிலோமீட்டரைத் தாண்டாது. அந்த இடத்தில் 75 கிலோநியூட்டன் என்ற எண்ணுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பாலத்தடியில் அதற்கு நியாயம் இல்லை. மோதுவிசையைக் குறைக்க இரும்பைக் கூட்டுவதைவிடக் கம்பியின் இடத்தை மாற்றுவது மலிவு. 75 கிலோநியூட்டனுக்குக் கவிழ்ப்பு 270 கிலோநியூட்டன்-மீட்டர். பாதையின் போக்கில் 3 மீட்டர் நீளமும், ஒன்றரை மீட்டர் அகலமும் ஆழமும் உள்ள கட்டி ஒன்று தனியே ஏறக்குறைய 240 தாங்கும். இரண்டு கட்டிகளையும் பாதைக்கு அடியில் ஓர் இணைப்பு உத்தரத்தால் கட்டிவிட்டால் போதிய மிச்சம் கிடைக்கும். மண்ணின் தாங்குதிறனைச் சோதித்த பிறகே அளவை முடிவு செய்யுங்கள்.

தொங்கு கம்பியைப் பிரதான சாலையின் மேல் கட்ட ஆசைப்படாதீர்கள். அது நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி இல்லாமல் முடியாது, தேவையும் இல்லை.

இன்னும் மூன்று செய்திகள் உண்டு. முதலாவது, இடி எப்போதும் கிடைமட்டமாகவே வராது. சாய்ந்த கூரையோ கிரேனின் கையோ கம்பிக்கு அடியில் ஆப்பு போல நுழைந்து அதை மேலே தூக்கும். ஐரோப்பிய விதி இதற்காக விசையை 10 பாகை வரை மேல்நோக்கிச் சாய்த்தும் பார்க்கச் சொல்கிறது. உங்கள் 75 கிலோநியூட்டனில் மேல்நோக்கித் தூக்கும் பங்கு 13 கிலோநியூட்டன், அதாவது ஒன்றேகால் டன்னுக்கும் சற்று மேல். தூண்களின் தலையில் கம்பியை வெறுமனே உட்கார வைத்து எடையை நம்பி விட்டுவிடும் பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. முட்டியவுடன் அது துள்ளிக் கீழே விழும்.

இரண்டாவது, உங்கள் 3.6 மீட்டரை எங்கே நின்று அளந்தீர்கள் என்பது. சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் பள்ளத்தில் லாரியின் முன்சக்கரமும் பின்சக்கரமும் மேட்டில் நிற்க, நடுப்பகுதி பாதையிலிருந்து உயர்ந்து நிற்கும். சக்கரங்களுக்கிடையே 6 மீட்டர் இடைவெளியும் பள்ளத்தின் வளைவுக்கு 60 மீட்டர் ஆரமும் இருந்தால் இந்த உயர்வு ஏழரை சென்டிமீட்டர். அதனுடன், பாரத்தோடு உள்ளே வந்த லாரி பாரத்தை இறக்கியபின் ஸ்பிரிங் நிமிர்ந்து சில சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். வரும்போது தடையில்லாமல் நுழைந்த வண்டி போகும்போது மாட்டிக் கொள்ளும் விந்தை இதனால்தான். பாலத்துக்கும் கம்பிக்கும் நீங்கள் விட்டிருக்கும் 30 சென்டிமீட்டர் இவற்றுக்கெல்லாம் போதும். ஆனால் பாதைக்கு இரண்டு முறை மேலே தார் போட்டால் அதில் எட்டுப் பத்து சென்டிமீட்டர் போய்விடும் என்பதைப் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, கீழேயிருந்து மேலே போகும் வாகனங்கள். விறகையோ கரியையோ கொட்டிவிட்டு, தொட்டியை இறக்க மறந்து கிளம்பும் டிப்பர் மேலே வைத்த கம்பியை எட்டுவதற்கு முன்பே பாலத்தை முட்டிவிடும். பாலத்தின் கீழ்ப்பக்கத்திலும் ஒரு சட்டம் தேவை. ஏற்றத்தில் மெதுவாக வரும் வண்டி என்பதால் அதற்கும் 75 கிலோநியூட்டன் போதும். நடைபாலத்தின் தாங்கிகள் அதே விசையைப் பக்கவாட்டில் தாங்குகின்றனவா, அல்லது பாலம் வெறுமனே இரண்டு சுவர்களின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் ஒரு முறை ஏறிப் பார்த்துவிடுங்கள். ஆட்கள் நடக்கும் பாலம் அது.

கேள்வி: குன்னூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். நான் செய்து கொடுத்த தடுப்புக் கம்பி ஒன்றில், மேலே மூட்டை ஏற்றிய சுற்றுலா வேன் இடித்ததில் கம்பி கழன்று, பின்னால் வந்த இருசக்கர வாகனத்தின் மேல் விழுந்துவிட்டது. ஓட்டியவருக்குத் தோளில் அடி. அன்றிலிருந்து என் மனத்தில் ஒரு குழப்பம். இடித்தால் கம்பி உடைய வேண்டுமா, உடையாமல் நிற்க வேண்டுமா?

பதில்: உடைய வேண்டிய கம்பியும் உண்டு, நிற்க வேண்டிய கம்பியும் உண்டு, விழுவதற்கு எந்தக் கம்பிக்கும் உரிமை இல்லை. வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார் என்பதை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும், ஏனெனில் அவருக்கே அது பெரும்பாலும் தெரிவதில்லை. கம்பிக்குப் பின்னால் காப்பாற்ற வேண்டிய பாலமோ குழாய்ப் பாதையோ இருந்தால் அது நிற்கும் கம்பி. அதன் கணக்கை மேலே கோத்தகிரி வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன். ஓட்டுநருக்கு உணர்த்துவது மட்டுமே நோக்கமென்றால் கம்பி எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகச் சுரங்கச் சாலையில் மீறி வரும் உயரமான லாரிகளை நிறுத்த, பாதையின் குறுக்கே நீர்த்திரையைக் கொட்டி அதன் மேல் 'நில்' என்ற எழுத்தை ஒளியாகப் பாய்ச்சுகிறார்கள். மோதுவிசை பூஜ்யமான தடுப்பு அது. நம் மலையில் மூடுபனி அந்த வேலையைப் பாதி நாள் இலவசமாகச் செய்தும் லாரிகள் நிற்பதில்லை என்பது வேறு விஷயம்.

தொங்கு கம்பிக்கு ஒரு கணக்கு. 40 கிலோ எடையுள்ள குழாயை 60 சென்டிமீட்டர் சங்கிலிகளில் தொங்கவிட்டிருக்கிறீர்கள், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வேன் தட்டுகிறது என்று வைத்துக் கொள்வோம். குழாய் அந்த வேகத்தைப் பெற்று ஊஞ்சல் போல எழும்போது சங்கிலிகளில் வரும் இழுவிசை மொத்தம் ஏறக்குறைய 2.5 கிலோநியூட்டன். திடீர் வெட்டி இழுப்புக்கு அதை நான்கு மடங்காக்கினால் ஒரு டன் ஆகிறது. ஓரத்தில் தட்டினால் ஒரே சங்கிலி முழுவதையும் ஏற்க நேரும் என்பதால் ஒவ்வொரு சங்கிலியும், அதன் கொக்கியும், கொக்கியைப் பற்றவைத்த இடமும் ஒரு டன் தாங்க வேண்டும். வேகம் இரட்டித்தால் இந்த எண் ஏறக்குறைய மூன்றரை மடங்காகும். குழாயின் எடை பத்து கிலோவானால் கால்பங்காகும். வேகம் உங்கள் கையில் இல்லை, எடை உங்கள் கையில் இருக்கிறது. உள்ளே கயிறு ஓடவிட்ட பிளாஸ்டிக் குழாயைக் கேவலமாக நினைக்க வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு: இறுக்கமாக நின்று, ஓரளவுக்கு மேல் இடித்தால் விட்டுக் கொடுக்கும் கம்பி. வீட்டு மின்பெட்டியில் இருக்கும் பியூஸ் கம்பியைப் போல, குறுக்குக் கம்பியைத் தூணோடு பிடிக்கும் ஊசிகளை வேண்டுமென்றே மெலிதாக வைப்பார்கள். ஊசிகள் இரண்டும் சேர்ந்து 20 கிலோநியூட்டனில் அறுபட வேண்டும் என்று முடிவு செய்தால் தூணின் கணக்கை 20-க்குப் போடக்கூடாது. இரும்பு, சான்றிதழில் இருக்கும் வலிமையைவிடக் கூடுதலாகவே தாங்கும். அந்தக் கூடுதல் உங்களுக்கு எதிராக வேலை செய்யும் அபூர்வமான இடம் இது. தூணுக்கு 30 கிலோநியூட்டன், அடித்தளத்துக்கு அதையும்விடச் சற்று அதிகம் என்று படிப்படியாகக் கூட்ட வேண்டும். அப்போதுதான் முதலில் ஊசி போகும், தூண் நிற்கும். 30 கிலோநியூட்டன் முழுவதும் ஒரே தூணில் 3.6 மீட்டர் உயரத்தில் வந்தால் 108 கிலோநியூட்டன்-மீட்டர். 300 மில்லிமீட்டர் ஐ-பீம் ('I' எழுத்து வடிவ இரும்பு உத்தரம்) இதைத் தாங்கும். ஆனால் பீமின் அகன்ற வயிற்றுத் தகடு பாதையின் போக்கில் இருக்கும்படி நிறுத்த வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று அதைப் பாதைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினால் வலிமை ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். இந்தத் தவறை மலையில் மூன்று இடங்களிலாவது நான் பார்த்திருக்கிறேன்.

ஊசி அறுந்த கம்பி பறக்காமல் இருக்க, தூணின் தலையிலிருந்து கம்பியின் இரு முனைகளுக்கும் வயர் ரோப் கட்டுங்கள். அதன் நீளம், அறுந்து தொங்கும் கம்பி ஒருவரின் தலைக்கு மேலேயே நின்றுவிடும் அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். ரோப் சென்று முடியும் கண்ணி வெல்டிங்கால் மட்டும் நிற்கக்கூடாது. தூணைத் துளைத்த போல்ட்டில் மாட்டுங்கள்.

காற்றையும் விட்டுவிடாதீர்கள். கம்பியோடு நான்கு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரத்தில் அறிவிப்புப் பலகை வைத்துத் தரச் சொல்வார்கள். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளைச் சொல்லும் இந்திய விதிநூலான ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி கோயம்புத்தூருக்கு விநாடிக்கு 39 மீட்டர் என்ற அடிப்படைக் காற்று வேகத்தைத் தருகிறது. மலை முகட்டில் நில அமைப்புக்காக அதை 1.36 மடங்கு வரை கூட்ட வேண்டியிருக்கும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் அது 1.85 மடங்காகிறது. மற்றக் குணகங்களை (பெருக்கும் எண்களை) ஒன்றாக வைத்தாலும் அந்தப் பலகையின் மேல் ஏறக்குறைய 6.75 கிலோநியூட்டன் வருகிறது. இலேசான தொங்கு கம்பிச் சட்டத்துக்கு லாரியைவிடக் காற்றுதான் பெரிய எதிரி.

கேள்வி: கூடலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறோம். எங்கள் ஓடையின் மேலுள்ள சிறுபாலம் பழையது. கனரக லாரிகள் போகாமல் இருக்க 2.5 மீட்டரில் கம்பி வைக்கும்படி ஊராட்சியிடம் மனுக் கொடுத்திருக்கிறோம். அதை எவ்வளவு வலுவாகச் செய்யச் சொல்ல வேண்டும்?

பதில்: வலுவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், கம்பி அளப்பது உயரத்தை, பாலம் பயப்படுவது எடையை. விளிம்பு வரை ஜல்லி ஏற்றிய சிறு டிப்பர் தாழ்வாகவே இருக்கும், அது உங்கள் கம்பிக்கு அடியில் குனிந்து போய்விடலாம். வைக்கோலோ காலிக் கூடைகளோ ஏற்றிய இலேசான வண்டி மாட்டிக் கொள்ளும். தீயணைப்பு வண்டியும் பேருந்தும் நிச்சயமாக மாட்டிக் கொள்ளும். ஆகவே எடைக்கட்டுப்பாட்டுப் பலகையும், அகலத்தைக் குறைக்கும் கல்தூண்களும், பாலத்தின் உண்மையான தாங்குதிறனைப் பற்றிய ஓர் ஆய்வும் முதலில் வரவேண்டும். கம்பி வேண்டும் என்றே முடிவானால், பூட்டித் திறக்கக்கூடிய கதவு போல ஒரு பக்கம் கீல் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். சாவி ஊருக்குள் ஒன்றும் தீயணைப்பு நிலையத்தில் ஒன்றும் இருக்கட்டும். கீல் உள்ள கம்பி, பாலத்துக்கு அருகே நிற்கக்கூடாது. மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி, பன்னிரண்டுக்கு ஒன்று இறக்கத்தில், ஓட்டுநர் உணர்ந்து நிறுத்த 32 மீட்டர் எடுத்துக் கொள்ளும். சமதளத்தில் 30 மீட்டர்.

உங்கள் பகுதியில் இன்னொரு வழிப்போக்கரையும் நினைக்க வேண்டும். வளர்ந்த ஆண் யானை தோளுயரத்திலேயே 2.5 மீட்டரைத் தாண்டும். அது நடந்து போகும் வழியில் தூண் நட்டால் முதுகு சொறிவதற்கு ஒரு நாள் வந்து சாயும். அந்த விசைக்கு எந்த விதிநூலிலும் அட்டவணை கிடையாது. வனத்துறையைக் கேட்காமல் இடத்தை முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: கொடைக்கானலில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். கட்டடத்துக்கு அடியிலுள்ள வாகன நிறுத்தத்துக்குச் சாய்தளத்தில் இறங்க வேண்டும். வாசலில் 2.1 மீட்டரில் கனமான இரும்புக் குழாய் வைத்திருக்கிறேன். விருந்தினர் ஒருவரின் வண்டிக் கூரையில் இருந்த கேரியர் அதில் உடைந்து, நஷ்ட ஈடு கேட்கிறார். குழாயை மாற்ற வேண்டுமா?

பதில்: நஷ்ட ஈட்டை வழக்கறிஞரிடம் கேளுங்கள். குழாயை மாற்றத்தான் வேண்டும். உள்ளே மிகத் தாழ்வாகப் போகும் தண்ணீர்க் குழாயின் உயரம் 2.1 மீட்டர் என்றால், தொங்கு கம்பியை 2 மீட்டரில் கட்டுங்கள்; சம உயரத்தில் கட்டினால், தட்டப்பட்டு மேலே எழும்பிய கம்பிக்கு அடியில் வண்டி நுழைந்து தண்ணீர்க் குழாயை முட்டும். இலேசான குழாய், இரண்டு கயிறு, சிவப்பு வெள்ளைப் பட்டை, இருட்டில் ஒளிரும் தாள். இதற்குமேல் அந்த வாசலுக்கு ஒன்றும் வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதம் எனக்கு வேறொரு கவலையைத் தருகிறது. வாசலில் கனத்த இரும்பை வைத்தவர்கள் பெரும்பாலும் நிறுத்துமிடத்தின் பள்ளத்தாக்குப் பக்க விளிம்பில் மெல்லிய கைப்பிடிக் குழாயை வைத்திருப்பார்கள். வலு வேண்டிய இடம் அதுதான். ஐ.எஸ். 875-இன் இரண்டாம் பகுதி, வாகன நிறுத்தங்களின் விளிம்புத் தடுப்புக்கு 1,500 கிலோ எடையுள்ள கார் விநாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டரில் வந்து மோதுவதாகவும், காரின் முன்பகுதி 10 சென்டிமீட்டர் நசுங்குவதாகவும் கொள்கிறது. தடுப்பு சிறிதும் வளையாது என்றால் விசை 150 கிலோநியூட்டன், 15 டன். தடுப்பும் 10 சென்டிமீட்டர் வளைந்து கொடுத்தால் அது பாதியாகக் குறையும். இந்த விசை காரின் பம்பர் உயரத்தில் செயல்படுகிறது. இடுப்பு உயரத்தில் கைப்பிடி வைத்துவிட்டு நிம்மதியடைய முடியாது. சாய்தளத்தைப் பற்றி, பிரிட்டனில் 2010 வரை நடப்பிலிருந்த பி.எஸ். 6399 விதிநூல் ஒரு குறிப்புத் தந்தது: 20 மீட்டருக்கு மேல் நேராக இறங்கும் சாய்தளத்தின் முடிவில் எதிரே நிற்கும் தடுப்புக்கு இரட்டிப்பு விசையைக் கொள்ள வேண்டும். உங்கள் சாய்தளத்தின் நீளத்தை அளந்து, அதற்கு நேர் எதிரே இருப்பது கல்சுவரா, செங்கல் சுவரா, கம்பி வேலியா என்று எழுதுங்கள். அடுத்த இதழில் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

கேள்வி: காரமடைப் பக்கம் ரயில்வே கேட்டுகளின் இரு புறமும் உயரக் கம்பிகள் இருக்கின்றன. எங்கள் குன்னூர், வெலிங்டன் பக்கத்தில் மலை ரயில் பாதையைச் சாலை கடக்கும் இடங்களில் அவை ஏன் இல்லை? — கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: கோவை–மேட்டுப்பாளையம் பாதை மின்மயமானது, அங்கே தலைக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. உயரமான வண்டி அந்தக் கம்பியைத் தொடாமல் மட்டுமல்ல, அதன் அருகிலும் போகாமல் இருக்கவே அந்தச் சட்டங்கள். நம் மலை ரயில் நீராவியிலும் டீசலிலும் ஓடுகிறது, மேலே மின்கம்பி கிடையாது.